வெலிச்கோவின் இரண்டாம் ஓட்டம்

ரொடோப் மலைச்சாலையில் இருபத்தாறு குளிர்காலம் பனி தள்ளும் வண்டி ஓட்டினார் வெலிச்கோ. மேல் கிராமம் வரை தள்ளிக்கொண்டு போவார். இறங்கும்போது கணவாய்க்குக் கீழே வண்டியைத் திருப்பி, தள்ளிய ஒன்றரை கிலோமீட்டரை மறுபடியும் தள்ளுவார். பிறகுதான் ஊர் திரும்புவார்.

மகள் ருமியானா சாலைத்துறைப் பொறியாளர். பதினான்கு வண்டிகளுக்கும் கம்ப்யூட்டரில் புதிய தடம் போடும் வேலை அவளுக்கு வந்தது. அக்டோபரில் வரைபடத்தோடு வீட்டுக்கு வந்தாள்.

"அப்பா, நீங்க போற வழிய அப்படியே போட்டுக் குடுங்க. ஒண்ணும் விடாதீங்க."

அதுவரை அவர் வேலையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கணவாயில் இரண்டு கோடு இழுத்தார்.

"இங்க ரெண்டு தடவையா?"

"எப்பவும் ரெண்டுதான்."

அவள் குறித்துக்கொண்டாள்.

நவம்பரில் பணிமனைப் பலகையில் புதிய தடத்தை ஒட்டினார்கள். அவர் வண்டிக்கு நேராக, கணவாய் ஒரு முறை. பக்கத்தில் காரணம்: "ஓட்டுநரே ஒப்புக்கொண்ட வீண் ஓட்டம் நீக்கப்பட்டது." கீழே ருமியானாவின் கையெழுத்து.

"என்னண்ணே," என்றான் மெக்கானிக் ஸ்தாமென், "போலீஸ்கிட்டகூட வாயத் திறக்காத ஆளு, பொண்ணுகிட்ட வாக்குமூலம் குடுத்துட்டீங்களே!"

எல்லோரும் சிரித்தார்கள். வெலிச்கோவும் சிரிக்கப் பார்த்தார்.

டிசம்பரில் முதல் பெரும்பனி. தாளில் உள்ளபடியே ஓட்டினார். வடகாற்று அடித்தால், தள்ளிய முக்கால் மணி நேரத்தில் கணவாய் மறுபடி மூடிக்கொள்ளும். அன்றும் அடித்தது. அது தெரிந்தும், திருப்பும் இடத்தில் திருப்பாமல் இறங்கினார். காலைப் பேருந்து கணவாயில் புதைந்தது. இருபத்தொரு பேர் நான்கு மணி நேரம் விறைத்தார்கள்.

மதியம் ருமியானா போனில் கத்தினாள். "காத்து வந்து மூடும்னு ஏம்ப்பா சொல்லல?"

"எத்தன தடவன்னு கேட்ட. ஏன்னு கேக்கலியே."

"நீங்களாவது திருப்பியிருக்கலாம்ல? உள்ள ஆளுங்க இருந்தாங்கப்பா!"

"உன் கையெழுத்துல்ல இருந்துச்சு."

மறுநாள் திருத்திய தாளை அவளே பணிமனைக்குக் கொண்டுபோனாள். அதற்குள் அவர் வண்டிச் சாவியை ஸ்தாமெனிடம் கொடுத்து, வேலையை விட்டுப் போயிருந்தார்.

அதன்பின் இரண்டு குளிர்காலம்தான் உயிரோடு இருந்தார். ருமியானா ஞாயிறுதோறும் வந்தாள். தக்காளி பற்றி, பக்கத்து வீட்டு ஆடு பற்றிப் பேசினார். மற்ற சாலைகளில் காற்று எங்கெங்கே மூடும் என்று ஒருமுறை கேட்டாள்.

"நான் சொன்னா, அதையும் ஒப்புக்கொண்டதுன்னு எழுதுவியா?" என்றார்.

கடைசிவரை அவர் சொல்லவில்லை.