கறை எப்படி விழும்?

விடிந்தும் விடியாததுமாக மைதானத்தின் ஓரத்தில் ஒருவர் ஓடிவந்து தடாலென்று சறுக்கி விழுகிறார். எழுந்து சட்டையின் முழங்கைப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறார். திருப்தி இல்லை போலிருக்கிறது, மறுபடியும் ஓடிவருகிறார். வயது ஐம்பத்திரண்டு. எந்த அணியிலும் இல்லை. கையில் பந்துகூடக் கிடையாது.

சலவைக் கடையில் கறை எடுப்பது இவர் வேலை. காபி, மை, எண்ணெய் எதுவானாலும் இவர் கைக்குத்தான் வரும். பகலெல்லாம் கறையை எடுத்துவிட்டு, வீட்டில் கறையைக் கட்டிக் காக்கிறார். கால்பந்து வீரர்கள் ஆட்டத்தில் போட்டுத் துவைக்காமல் விட்ட ஜெர்சிகள் பீரோ முழுக்க. மனைவியின் துணிமணிக்கு அடித்தட்டு மட்டும் மிச்சம். "பிள்ளைங்க சட்டையில ஒரு பொட்டு அழுக்கு இருந்தா என்னைத்தான் கேப்பாரு. இந்த அழுக்கை மட்டும் நான் தொடக்கூடாதாம்," என்கிறார் அந்த அம்மாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் விளையாட்டுப் பொருள் சேகரிப்போரான எங்கள் சங்கத்துக்கு ஒரு ஜெர்சியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். போலி. யாரோ சாயம் பூசிப் பழசாக்கியிருந்தார்கள். கறையே பிழைப்பாக உள்ளவர் கறையில் ஏமாந்தாரே என்று விழுந்து விழுந்து சிரித்தோம். நானும்தான். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எடுக்கத்தாங்க தெரியும். அது எப்படி விழும்னு தெரியல. கத்துக்கறேன்," என்றார்.

அன்று தொடங்கியதுதான் இந்தச் சறுக்கல். ஈரப் புல், காய்ந்த புல், களிமண் என்று தனித்தனியாக விழுந்து, கறை பட்ட துணியை வெட்டி நோட்டில் ஒட்டித் தேதி போடுகிறார். நாலு நோட்டு ஆகிவிட்டது. நடுவில் இடுப்பு பிடித்துக்கொண்டு பத்து நாள் படுத்தும் கிடந்தார்.

போன வாரம் சங்கத்தில் கண்காட்சி ஏற்பாடு. பழைய இறுதி ஆட்டம் ஒன்றில் கேப்டன் போட்டதென்று தலைவர் ஒரு ஜெர்சியைக் கொண்டுவந்து நடுநாயகமாக வைத்தார். இவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"சறுக்கினா புல்லுக்கறை ஒரே பக்கமா இழுத்திருக்கும். இது வட்டமா உக்காந்திருக்கு. பூசினதுங்க."

தலைவர் முகம் கறுத்துவிட்டது. "நிரூபிச்சுக் காட்டுங்க. முடியலேன்னா இனிமே சங்கத்துப் பக்கம் தலைவச்சுப் படுக்காதீங்க."

"ஈரத்துணியால ஒத்தினாப் போதும். சாயம்னா துணியில ஏறும். ஆட்டத்துல பட்ட புல்லு வெறும் தண்ணிக்கு வராது."

"உங்களோடதா இருந்தா தண்ணி பட விடுவீங்களா?"

கண்காட்சிக்கென்று இவரும் ஒன்று கொண்டுவந்திருந்தார். ஒரு கோல்கீப்பருடையது, அணியின் வண்டி ஓட்டுநரிடம் இரண்டு வருடம் நடையாய் நடந்து வாங்கியது. காற்றுப் பட்டால்கூட முகம் சுளிப்பார். அதை எடுத்து மேசையில் விரித்தார். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து, முழங்கைக் கறைமேல் வைத்து ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தார்.

எடுத்து விரித்தார். லேசாக மண் தெரிந்தது, பச்சை துளியும் இல்லை.

கைக்குட்டையின் சுத்தமான பக்கத்தைத் திருப்பினார். மறுபடி நனைத்துப் பிழிந்து தலைவரிடம் நீட்டினார். "உங்க கையாலயே ஒத்துங்க."

தலைவர் கட்டிய கையைப் பிரிக்கவில்லை. இவர் நீட்டிய கையை மடக்கவில்லை.