மாடலில் இல்லாத கீறல்

ரயில்வேயில் என் வேலைக் காலமெல்லாம் கூட்ஸ் பெட்டிகளுக்கு அடியில்தான் கழிந்தது. எக்ஸாமினர் வேலை. காலையில் பினாங்கிலிருந்து ஃபெரி ஏறி எதிர்க்கரையில் இருக்கும் பிறை ஸ்டேஷனுக்குப் போவேன். யார்டில் நிற்கும் பெட்டிகளைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பேன். பழுது என்றால் சாக்கட்டியால் பெருக்கல் குறி போடுவேன். குறி விழுந்த பெட்டி நகரக் கூடாது. அப்படிப் போட்ட ஒரு குறியைப் பற்றி, இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்ல வேண்டும்.

ஒரு சமயம் கண்காட்சிக்கு வைக்க மாடல் கூட்ஸ் பெட்டி ஒன்று வேண்டும் என்றார்கள். சூலியா தெருத் தச்சர் காதர், தேக்கிலும் பித்தளையிலும் அழகாகச் செய்திருந்தார். அதை அசலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. வரைபடம் போடும் தலைமை டிராப்ட்ஸ்மேன் யாழ்ப்பாணத்துக்காரர். "ஒரு ரிவெட்டும் பிசகக் கூடாது, விளங்குதோ?" என்றார்.

காதரும் நானும் மாடலைத் துணியில் சுற்றிக்கொண்டு பிறைக்குப் போனோம். அரிசி ஏற்றிய பெட்டி ஒன்று புறப்படக் காத்திருந்தது. கதவு, பஃபர், பிரேக் எல்லாம் ஒத்துவந்தன. பெட்டியோடு பெட்டியை இணைக்கும் கப்ளிங் கொக்கியின் வளைவு மட்டும் ஒத்துவரவில்லை. அட்டையை வைத்து வரைந்துகொள்ளலாம் என்று, அசல் கொக்கியில் அப்பியிருந்த கிரீஸை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன். அடிப்பக்கத்தில் முடிபோல் ஏதோ தெரிந்தது. சாக்கட்டி தேய்த்துத் தட்டினேன். வெள்ளையில் கறுப்புக் கோடு ஊறி வந்தது. கீறல்.

"இதையும் மாடல்ல போடணுமாண்ணே?" என்றார் காதர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோலாலம்பூர் போகும் வழியில் தைப்பிங் தாண்டினால் மலையேற்றம். அங்கே கொக்கி அறுந்தால் வண்டியின் பின்பாதி கீழே உருளும். கார்டு இருப்பது கடைசிப் பெட்டியில்.

குறி போட்டேன். யார்டு ஃபோர்மன் ஓடி வந்தார்.

"சின்னக் கீறல்லா! கோலாலம்பூர்ல பாத்துக்குவாங்க."

"கோலாலம்பூர் போய்ச் சேரணுமே சார்."

அவர் மூட்டை தூக்கிகளைக் கூப்பிட்டார். மூட்டைகளைப் பக்கத்துத் தண்டவாளத்துப் பெட்டிக்கு மாற்றச் சொன்னார். அவர்கள் என்னைத் திட்டிக்கொண்டே இரண்டு பெட்டிக்கும் நடுவில் பலகை போட்டார்கள். அவர்களில் முனியாண்டி தினமும் என்னோடு ஃபெரியில் வருகிறவன். பாதி வேலையில் மழை பிடித்துக்கொண்டது. அரிசி நனையக் கூடாது என்று ஃபோர்மன் விரட்டினார். கொஞ்சம் பொறுக்கலாம் என்று நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை. ஈரப் பலகை வழுக்கியது. முனியாண்டி மூட்டையோடு கீழே விழுந்தான். கால் எலும்பு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன்.

"அண்ணே, அந்தப் பெட்டி போயிருந்தா கொக்கி அறுந்திருக்குமா?"

"தெரியலப்பா."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

கழற்றிய கொக்கியைப் பட்டறை ஃபிட்டரிடம் காட்டிக் கேட்டேன். "மறுநாளே அறுந்திருக்கும். இல்ல, இன்னும் ரெண்டு வருஷம் ஓடியிருக்கும். யாருக்குத் தெரியும்?" என்றான். மாடல் கண்காட்சிக்குப் போனது. நன்றாக வந்திருக்கிறது என்று டிராப்ட்ஸ்மேன் பாராட்டினார். தலையாட்டிவிட்டு வந்தேன். அந்த நாள்களில் எதைக் கேட்டாலும் அலுப்பாக இருந்தது.

பல மாதம் கழித்து முனியாண்டி யார்டுக்கே திரும்பி வந்தான். மூட்டை தூக்க முடியாது. சிக்னல் விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றும் வேலை. என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு நொண்டிப் போவான். நானும் கூப்பிடுவதில்லை.

ஒரு மழை நாளில், சரக்கு ஏற்றிய பெட்டி ஒன்றின் ஸ்பிரிங்கில் வெடிப்பைப் பார்த்தேன். சாக்கட்டியை எடுத்தேன். கை எழவில்லை. அப்படியே நின்றேன். பின்னால் எண்ணெய் டின் சத்தம் கேட்டது.

"என்னண்ணே, என் கால நெனச்சா நிக்கிறீங்க? பெட்டியப் பாருங்க. ஒடஞ்சிருந்தா போடுங்க. பலகைய நான் புடிச்சிக்கிறேன்."

குறி போட்டேன். மூட்டை மாற்றப் போட்ட பலகையின் ஒரு முனையை அவன் பிடித்தான், மறுமுனையை நான் பிடித்தேன். இருவரும் தொப்பலாக நனைந்தோம். மழை விடும்வரை பொறுக்க முடியாதா என்று அன்றைக்கும் யாரும் யோசிக்கவில்லை.

குறி போட்டதும் நம் வேலை முடிந்தது என்று அடுத்த பெட்டிக்குப் போய்விடாதீர்கள், தம்பிகளே. கடைசி மூட்டை மாறும்வரை அங்கேயே நில்லுங்கள்.