செருப்பை அளந்த நூல்

சைப்ரஸிலிருந்து திரும்பிய ஞானேஸ்வரி, கலஹாவில் தம்பி வீட்டில் சில மாதங்கள்தான் இருந்தாள். தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே அறையான காம்பராவில் தம்பி, அவன் மனைவி, பிள்ளைகள் எல்லாரும் நெருக்கிப் படுத்தார்கள். அவளுடைய பெட்டியை வைக்கக்கூட இடமில்லை. அம்பிட்டியவில் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை கிடைத்ததும், பக்கத்து மேட்டுப் பாதையில் ஒரு வீட்டின் மாடி அறைக்குக் குடிவந்தாள். கீழே வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். சேதுராமன் கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி கஜலட்சுமி.

சைப்ரஸில் அவள் வேலை செய்த வீட்டில் சமைக்கிற குசினிக்குள்ளும் கேமரா இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வெளியே போகும்போது பையைத் திறந்து பார்த்துத்தான் அனுப்புவார்கள். அடுத்தவர் சாமானைக் கிளறாத மனிதர் உண்டென்று அவள் நம்பவில்லை. புது அறைக்கு வந்ததும் முதல் வேலையாகப் பெட்டிக்கு வேறு பூட்டு வாங்கினாள். வேலைக்குப் போகும்போது கதவிடுக்கில் ஒரு நூல் துண்டைச் செருகிவிட்டுப் போவாள். யாராவது திறந்தால் அது கீழே விழுந்து கிடக்கும்.

அந்த நாட்டிலிருந்து அவள் விரும்பிக் கொண்டுவந்தது ஒன்றே ஒன்றுதான். காலுக்குப் போடும் மேசு பின்னக் கற்றிருந்தாள். அடுத்த வீட்டில் வேலை செய்த பிலிப்பைன்ஸ்காரி பூங்காவில் வைத்துப் பழக்கிவிட்டாள். மெல்லிய இரும்பு ஊசிகளில் வட்டமாக நூலை ஏற்றி, இன்னொரு ஊசியால் சுற்றிச்சுற்றிப் பின்ன வேண்டும். குழாய்போல நேரே இறங்கிவரும் பின்னல், குதிகாலுக்கு வந்ததும் வளைந்து திரும்பும். அதை எத்தனை தடவை பின்னினாலும் அவளுக்கு அலுக்கவில்லை. வேலை முடிந்து வந்தால் ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவாள். கண்ணிகளை எண்ணும்போது உதடு மட்டும் அசையும். அந்த நேரத்தில் அது யாருடைய ஊர், யாருடைய வீடு என்பதெல்லாம் மறந்துபோகும்.

ஒருநாள் கஜலட்சுமி மேலே வந்து, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். சும்மா என்று சொல்லிவிட்டு ஞானேஸ்வரி பின்னலை மடிக்குள் மறைத்தாள். யார் எதைக் கேட்டாலும் அப்படிச் சொல்லியே பழகியிருந்தாள்.

சேதுராமன் வேறு மாதிரி மனிதர். ஒழுகிய குழாயை அவராகவே வந்து சரிசெய்து கொடுத்தார். அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. கார்த்திகை மழையில் சில்லிட்டுக் கிடக்கும் சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு நடப்பார். அவருக்கு ஒரு சோடி மேசு பின்ன வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. தனியாக இருக்கிற பெண் இன்னொருத்தியின் கணவருக்கு ஏதோ செய்கிறாள் என்று பேச்சு வரும் என்பதால் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மத்தியானம் படியில் கிடந்த அவருடைய செருப்பை நூலால் அளந்துகொண்டாள். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தாள்.

அடுத்த வாரம் சேதுராமனின் கால்விரலில் புண் வந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். மறுநாள் மாடிப்படியில், குங்குமம் தடவிய பாதி எலுமிச்சம்பழம் கிடந்தது. தன்னை இங்கிருந்து விரட்டப் பார்க்கிறார்கள் என்று ஞானேஸ்வரி நினைத்தாள். அதற்குப் பிறகு ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது கதவிடுக்கு நூல் தரையில் கிடந்தது. ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போன ஊசிகளும், பாதி பின்னிய இரண்டாவது மேசும் போய்விட்டிருந்தன. முடித்திருந்த முதல் மேசு கைப்பையில் இருந்ததால் தப்பியது.

வீட்டுக்காரியிடம் இன்னொரு சாவி இருந்தது அவளுக்குத் தெரியும். ஆனால் கஜலட்சுமிக்கு இந்த ஊசியால் என்ன பயன்? வேறு யாரோ அந்தச் சாவியைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். எதிர்வீட்டில் உடுப்புத் தைக்கும் பஸ்லினாதான் நினைவுக்கு வந்தாள். முன்பு இவள் அறைக்கு வந்துபோனவள். ஊசிகளைக் கையில் வாங்கி, இது எங்கே கிடைக்கும் என்று விசாரித்தவள்.

ஞானேஸ்வரி நேரே அங்கே போய், தன் ஊசி ஏதும் தவறி இங்கே வந்ததா என்று கேட்டாள். பஸ்லினா மெஷினை நிறுத்தினாள்.

"நான் எடுத்தேண்டு சொல்றீங்களா அக்கா?"

பஸ்லினா மெஷின் லாச்சியை உருவி, உள்ளே இருந்ததையெல்லாம் மேசையில் கொட்டினாள். "பாத்துக்கோங்க."

ஞானேஸ்வரி பார்த்தாள். நூல்கட்டைகளையும் பொத்தான்களையும் விரலால் விலக்கி விலக்கிப் பார்த்தாள். வெளியே வந்த பிறகுதான், சைப்ரஸ்காரி தன் பையில் கைவிட்டுத் துழாவியதும் இப்படித்தானே என்று உறைத்தது. இனி இந்தப் பாதையில் இருக்க முடியாது என்று முடிவு செய்தாள்.

அறையைக் காலி செய்வதாகச் சொல்லக் கீழே போனாள். சேதுராமன் கட்டுப் போட்ட காலை நீட்டிக் கதிரையில் இருந்தார். கஜலட்சுமி பக்கத்தில் நின்றாள். போகிறவள் கையோடு ஏன் கொண்டுபோக வேண்டும் என்று, முடித்து வைத்திருந்த ஒற்றைக்கால் பின்னலை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"ஐயாவுக்குத்தான் பின்னுனேன். சோடி காணாமப் போயிருச்சு. ஒங்க செருப்ப வச்சுத்தான் அளவெடுத்தேன், சரியா இருக்குமான்னு தெரியல."

கஜலட்சுமி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "செருப்ப அளந்தது இதுக்கா?" என்றாள். பிறகு மெதுவாக, "மத்தத நான் ஆத்துல போட்டுட்டேன். தென்னகும்புர பாலத்துல நின்னு போட்டேன்" என்றாள்.

பூசாரி ஒருவர்தான் ஓடுகிற தண்ணீரில் விடச் சொன்னாராம்.

"வாய்க்குள்ளயே முணுமுணுக்கிறீங்க. நூல முடிச்சுப் போடுறீங்க. அவரு செருப்ப அளக்குறீங்க. அடுத்த வாரமே அவருக்குக் காலு புண்ணாகுது. நான் என்னன்னு நெனைக்கிறது?"

"என்கிட்ட கேட்டிருக்கலாமேக்கா."

"கேட்டேனே. சும்மான்னு சொன்னீங்க."

சேதுராமன் புண் இல்லாத காலில் அந்தப் பின்னலைப் போட்டுப் பார்த்தார். குதிகாலில் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. இருந்தும் அவர் அதைக் கழற்றவில்லை.

அவள் போகவில்லை. புண் ஆறியதும் சேதுராமன் டவுனில் சைக்கிள் சக்கரக் கம்பிகளை வாங்கி வெட்டி, நுனியை ராவி, ஊசிகளாக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். முன்னதைவிடக் கனம்தான், ஆனாலும் பின்ன முடிந்தது. சோடி முடிந்ததும் கஜலட்சுமி அதைப் பிள்ளையார் கோவிலில் வைத்து எடுத்த பிறகுதான் கணவரைப் போடவிட்டாள். கஜலட்சுமியிடம் இருந்த மாடி அறையின் மற்றச் சாவியை ஞானேஸ்வரி கேட்டு வாங்கிக்கொண்டாள். இதற்கும் இன்னொன்று வெட்டி வைத்திருப்பார்களோ என்ற எண்ணம் மட்டும் போகவில்லை.

பஸ்லினாவிடம் போய், நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். பஸ்லினா பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள், சேதுராமன் கால் எப்படி என்று விசாரித்தாள். பாதையில் கண்டால் இப்போதும் சிரிப்பாள். ஆனால் மாடிக்கு வருவதில்லை.

தைப்பொங்கலன்று காலையில் கஜலட்சுமி ஒரு பீங்கானில் பொங்கலை எடுத்துக்கொண்டு தானே படியேறி வந்தாள். உள்ளே வராமல், வாசலில் வைத்தே கொடுத்துவிட்டு இறங்கினாள். ஞானேஸ்வரி கதவைச் சாத்தினாள். ஒரு கரண்டி எடுத்து முகர்ந்து பார்த்தாள். ஏலக்காயும் நெய்யும்தான் மணத்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து முழுவதையும் சாப்பிட்டாள்.