நில ஆபீசில் ஏற்றிய கற்பூரம்

ஜப்பான்காரன் போய் வெள்ளைக்காரன் திரும்பியிருந்த சமயம். மலாயாவில், கிள்ளானில் நான் நில ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா. பாப்பாத்தி என்றொரு பெண் விறுவிறுவென்று உள்ளே வந்து, என் மேசைமேல் கற்பூரத்தை வைத்துக் கொளுத்திவிட்டாள். அட கடவுளே, சுற்றிலும் காகிதம்!

விஷயம் இதுதான். ரயில் பாதையோரம் ஒரு செட்டியாரின் காலி நிலம். சண்டைக்கு முன்பே அவர் ஊருக்குக் கப்பலேறிவிட்டார். பஞ்சத்தில் பாப்பாத்தியும் கணவனும் அங்கே குடிசை போட்டு மரவள்ளி நட்டார்கள். பிறகு சயாம் ரயில் போட ஜப்பான்காரன் அவனைப் பிடித்துப் போய்விட்டான். இப்போது செட்டியாரின் ஏஜெண்டு வந்து காலி செய்யச் சொல்கிறார்.

“நாங்க பாடுபட்ட மண்ணுங்கய்யா. எங்க பேருக்கு எழுதிக் குடுங்க.”

“ஊர்ல பன்னண்டு வருஷம் ஆண்டா சொந்தம்பாங்க. இங்க முப்பது வருஷம் இருந்தாலும் நடக்காதும்மா. கிராண்டுல யாரு பேரோ, அவங்க நிலம்” என்றேன்.

கிராண்டு என்பது நிலப் பத்திரம். இதைச் சொல்லிச் சொல்லியே ஊர்ச் சாபமெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். ஆனால் அவளோ ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள். அங்கே வழக்கென்றால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்பவர் பக்கம்தான் தீர்ப்பு.

கூடவே வந்திருந்த ஏஜெண்டு சிரித்தார். “சரி ஆத்தா. இது என் நிலம்னு சொல்லி அணை. நான் இப்பவே போயிடுறேன்.”

அவள் கையை நீட்டினாள். சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

“முடியலைங்கய்யா. பொய்ச் சத்தியம் பண்ணா அவருக்கு ஏதாச்சும் ஆயிரும். நிலம் செட்டியாருதுதான். லோரியில ஏத்துறப்ப, ‘இங்கேயே இரு, வந்துர்றேன்’னு கத்தினாரு. வேற எடம் போயிட்டா என்னை எங்கன்னு தேடுவாரு?”

சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதாள். கற்பூரம் தானாக எரிந்து முடிந்தது.

ஏஜெண்டு என் பக்கம் திரும்பினார். “கிராணி, எழுதிக்குங்க. புருஷன் வர்ற வரைக்கும் இந்த ஆத்தா அங்க இருக்கட்டும். வந்ததும் காலி பண்ணிடணும்.”

எழுதினேன். புதுக் கிராணிகள் கவனிக்க வேண்டும்: உடையவர் சம்மதத்தோடு இருப்பவருக்கு நிலம் எந்த ஊர்ச் சட்டத்திலும் சொந்தமாகாது. இன்னொன்றும் உண்டு. நிலம் கேட்டு வருகிறவர்கள் எல்லாருக்கும் வேண்டியது நிலமல்ல.

சயாமிலிருந்து திரும்பியவர்களிடமெல்லாம் அவள் விசாரித்தாள். நானும் கேட்டுப் பார்த்தேன். பார்த்தவர் யாருமில்லை.

என் வேலைக்காலம் முழுதும் பார்த்திருக்கிறேன், காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்தவர்களைத்தான். காலி செய்யும் நாளுக்காக ஏங்கியவள் பாப்பாத்தி ஒருத்திதான்.