செபஸ்தியாராக நின்றவர்

என் வீட்டுக்காரர் பயந்த சுபாவம். பினாங்குத் துறைமுகக் கிடங்கில் வேலை. அங்கே துரை கூப்பிட்டால் போதும், தோள்துண்டு தானாக இடுப்புக்கு இறங்கிவிடும். அப்படிப்பட்ட மனுஷனை எங்கள் மாதா கோயில் திருநாள் நாடகத்தில், அம்பு தைத்த புனிதர் செபஸ்தியாரின் வேஷம் கட்ட வைத்தவள் நான்தான். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகு பிறந்தவள் எங்கள் மகள். “இவள் மூன்று வயது தாண்டினால் என் புருஷன் உமது வேஷம் கட்டுவார்” என்று செபஸ்தியாரிடம் நேர்ந்துகொண்டேன். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் தாண்டினாள். அவரும் முனகிக்கொண்டே சம்மதித்தார்.

எங்கள் கோயிலில் வேஷக்காரருக்கு ஒரு கட்டு உண்டு. கொடி ஏறியதிலிருந்து நாடகம் முடியும்வரை, வேலைக்குப் போனாலும் கோயிலுக்குத்தான் திரும்ப வேண்டும். வீட்டு வாசலை மிதித்தால் நேர்ச்சை முறிந்துவிடும்.

ஏழாம் நாள் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் கொடுத்த மருந்து வயிற்றில் தங்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா, “நான் ஓடிப் போயி அவருகிட்ட சொல்லிட்டு வரேன்லா” என்றாள். வாயைத் திறக்காதே என்று எரிந்து விழுந்தேன். தெரிந்தால் அவர் ஓடி வந்துவிடுவார், வந்தால் பிள்ளை தங்காது. என் புத்தி அவ்வளவுதான்.

ஒன்பதாம் நாள் திருநாள். பிற்பகல் நாடகம் தொடங்கியதும் மத்தளச் சத்தம் வீடுவரை கேட்டது. செபஸ்தியாரை மரத்தில் கட்டி அம்பு விடும் கட்டத்தில் ஜனங்கள் ஓவென்று அழுததும் கேட்டது. அந்நேரம் என் மடியில் மகளின் மூச்சு அடங்கிப்போனது. நான் அழவில்லை. அழுதால் யாராவது ஓடிப் போய்ச் சொல்ல, நாடகம் நின்றுவிடுமே என்று அப்போதும் பயந்தேன். இப்படியும் ஒரு தாய்!

பொழுது சாயும் முன் அவர் வந்தார். மார்பெல்லாம் சிவப்புச் சாயம். முகத்தில் நான் அதுவரை பார்க்காத பெருமை.

“பங்குச் சாமியாரே கண்ணத் தொடச்சிக்கிட்டாரு. நீயும் பாப்பாவும் ஏன் வரல?”

பிறகு என் மடியைப் பார்த்தார். கிட்டே வந்து பிள்ளையின் பாதத்தைத் தொட்டார்.

“எப்பலேர்ந்து காய்ச்சல்?”

“மூணு நாளா.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் தரையில் உட்கார்ந்து ஒன்றே ஒன்று கேட்டார்.

“என்னத் தேடினாளா?”

மூன்று நாளும் அவள் வாயில் ‘அப்பா’வைத் தவிர வேறு சொல் வரவில்லை. இல்லை என்றேன்.