மகன் கழற்றிய கதவு மூடி

ரெண்டு வயசு மகன் கதவத் திறந்து படிக்கட்டுப் பக்கம் ஓடிடுறான்னு, இன்னிக்குக் காலையில ரூம் கதவுக் குமிழுக்கு உள்பக்கம் பிளாஸ்டிக் மூடி மாட்டினேன்.

மூடிய வித்த கடைக்கார அங்கிள் சொன்னார்: “பிள்ளைங்களால திறக்கவே முடியாதும்மா. ரெண்டு பக்கமும் அழுத்தித் திருப்பணும்.”

அப்புறம் நான் கிள்ளான் பாசார்ல மீன் வாங்கிட்டு இருந்தப்போ, கணவர் போன் பண்ணார்.

“நானும் பையனும் ரூமுக்குள்ள மாட்டிக்கிட்டோம் லா. மூடி சும்மா சுத்துது. அடுப்புல பால் வச்சிருக்கேன்.”

மீன அப்படியே விட்டுட்டுக் காருக்கு ஓடினேன். பையில சாவி கிடைக்கல.

போன்ல ‘டக்’னு ஒரு சத்தம்.

“என்னங்க ஆச்சு?”

“பையன் மூடியக் கழட்டி என் கையில கொடுத்துட்டான்.”

பால் பொங்கி வழிஞ்சதோட போச்சு.

அப்பாக்கள் திறக்கிற மாதிரி ஏதாவது பூட்டு இருந்தா சொல்லுங்க லா.