துளிர்விட்ட சோளம்

ஆய்வுக்கூடத்தில் இன்று சோளத்தளிரைக் கசக்கியபோது வந்த கசப்பு வாசனை, திருமுருகன்பூண்டிக்குக் கிழக்கே எங்களுக்கு இருந்த மானாவாரிக் காட்டை நினைவூட்டியது. இப்போது அங்கே பனியன் கம்பெனி.

மழை பொய்த்த அந்த வருடம் அவரை வாடி, தட்டைப்பயறு கருகி, கொள்ளும் உதிர்ந்துபோக, சோளம் மட்டும் இலைகளைக் குழலாகச் சுருட்டிக்கொண்டு, வளராமலும் சாகாமலும், காற்றில் சரசரத்தபடி எதையோ ஒளித்துவைத்ததுபோல நின்றது. ஒரு தூறல் விழுந்ததும் அடியிலிருந்து பச்சைப்பசேலென்று துளிர்த்தது. தீவனம் தீர்ந்து, எங்கள் ஒரே பசு பசியில் கத்திக்கொண்டே இருந்தது.

"மாட்டை அவுத்து உட்ருங்க, பாவம்," என்றாள் அம்மா.

"காஞ்சு துளுத்த சோளத்த நம்பாத. நஞ்சு இருக்கும். அறுத்துக் காயவெச்சுத்தான் போடோணும்," என்றார் அப்பா.

"பட்டினி போட்டதுக்கு வஞ்சம் வெச்சிருக்குதாக்கு? உங்கம்மாளாட்டவே இருக்குதுங்க."

அப்பா சிரிக்கவில்லை. அறுத்த சோளத்தட்டு வெயிலில் மொறமொறவென்று காய்ந்த பிறகும், ஒரே ஒரு பிடிதான் போட்டார். மாடு தின்றுவிட்டு இன்னும் கேட்டது. நாங்கள் மூவரும் அதன் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றோம். மாடு படுத்து, நிதானமாக அசைபோட ஆரம்பித்த பிறகுதான் அம்மா எங்களுக்குச் சோறு போட்டாள்.